தண்ணீர் ஆகாதவள்

“எறங்கு வடிவு. இடுப்பளவுதான் இருக்கு.”

“எனக்குத் தண்ணி ஆகாதுங்க.”

“ஆகாதுன்னா?”

“பிடிக்காது.”

“சரி, விடு. நீ கரையிலயே இரி.”

கல்யாணமான முதல் வாரத்தில், இதே படித்துறையில் நின்று பேசிக்கொண்டது.

அன்றைக்குப் புருஷன் நம்பிராஜனுடைய அக்கா தங்கைகள் எல்லோரும் நடு ஆற்றில் கிடந்தார்கள். பாறை மேல் ஏறிக் குதித்தார்கள். அவளோ விளாத்திகுளத்துப் பக்கம் பிறந்தவள். அங்கே கண்மாயில் முழங்கால் தண்ணீர் நின்றாலே ஊர் கூடிப் போய்ப் பார்க்கும்.

நீந்தத் தெரியாது என்று சொல்ல வெட்கம்.

பிடிக்காது என்பது கொஞ்சம் கௌரவமாக இருந்தது.

நம்பிராஜன் அதற்குப் பிறகு ஒருமுறைகூட அவளைக் கூப்பிடவில்லை.

மகள் அபி பிறந்தாள். அவளுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். அவள் இப்போது கல்லூரிக்கே போகத் தொடங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னமும் மூன்று பேரும் தாமிரபரணிக்கு வந்துவிடுவார்கள். வந்ததும் நம்பிராஜனின் முதல் வேலை, வடிவு உட்கார ஈரமில்லாத ஒரு படியாகப் பார்த்துக் கொடுப்பது. பாசி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்ப்பார். வெயில் திரும்பினால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்றும் சொல்லிவிட்டுத்தான் இறங்குவார்.

தகப்பனும் மகளும் தண்ணீரில். அவள் மாற்றுத் துணிப் பையும் போனுமாகக் கரையில்.

போனில் அவள் பார்ப்பதும் தண்ணீர்தான்.

வீட்டிலும் அதேதான். சோறு வடித்த கையோடு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் நேரம் தாண்டிவிடும். தொப்பி போட்ட ஒரு பெண் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பாள். முகத்தைத் தண்ணீருக்குள் வையுங்கள். மூச்சை மூக்கால் விடுங்கள். பயப்படாதீர்கள், உடம்பு தானாக மிதக்கும்.

அடுக்களையில் நின்று அவளும் மூச்சை விடுவாள்.

யாராவது வந்தால் சட்டென்று கோலம் போடும் வீடியோவுக்கு மாற்றிவிடுவாள்.

“அம்மா போனுக்குள்ளயே குடிபோயிட்டா” என்பாள் அபி.

நம்பிராஜன் ஒரு நாளும் கடிந்துகொண்டதில்லை. முந்தாநாள் ஜங்ஷனில் கடை கடையாக ஏறி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கி வந்தார். கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்தது.

“தெறிச்சாலும் போனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ பாட்டுக்குப் பாத்துக்கிட்டு இருக்கலாம்.”

இன்று படித்துறையில் வைத்து அவரே மாட்டிவிட்டார். கயிறு நீளமாக இருந்தது. பின்கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டார்.

“ஏப்பா, ரெண்டாந்தடவயா தாலி கெட்டுதீய?”

அபி தண்ணீருக்குள்ளிருந்து கத்தினாள். துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள்.

“மொதத் தாலி கெட்டும்போது ஒங்கம்மைக்குப் போனு கெடையாதுளா. அப்பம்லாம் என்னையத்தான் பாத்துக்கிட்டு இருப்பா.”

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். சிரித்தபடியே நீரில் பாய்ந்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்கு எங்கேயோ இடித்தது.

போனைத் திறந்தாள். தொப்பிக்காரப் பெண் வந்தாள். வெயிலில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. போன் நனைந்தாலும் உறைதான் இருக்கிறதே என்று ஒரு படி இறங்கினாள். இன்னும் ஒரு படி.

கணுக்கால் நனைந்தது.

மேலாக இளஞ்சூடு. அடியில் குளிர்ச்சி.

இதை அந்தப் பெண் சொன்னதே இல்லை. தண்ணீர் காலைத் தள்ளும் என்றும் சொல்லவில்லை. மெதுவாக, விடாமல், வா வா என்பது போல.

ஏதோ பாதத்தைக் கொத்தியது.

பதறிக் குனிந்தாள். மீன்கள். விரல் இடுக்கில், குதிகாலில், கொலுசடியில். கூச்சம் தாங்கவில்லை. காலை எடுக்கவும் மனமில்லை.

சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

எப்போது சிரித்தோம் இப்படி என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

கழுத்திலிருந்து போனைக் கழற்றி மேல்படியில் வைத்தாள். உள்ளே அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

சிரிப்புச் சத்தம் கேட்டு நம்பிராஜன் திரும்பினார். மனைவியின் சேலை ஓரம் நனைந்திருப்பதைப் பார்த்ததும் பதறிக்கொண்டு நீந்தி வந்தார்.

“ஏட்டி அபி, அந்தாலப் போய் நீச்சலடி. அம்மை மேல தெறிக்குல்லா.”

அவளுக்கு முன்னால் வந்து, ஆற்றுக்கு முதுகைக் காட்டி நின்றார். ஒரு துளியும் அவள் மேல் படாதபடி.

“நனைஞ்சிட்டியா? மேல ஏறு. அரசமரத்துக்கிட்ட நல்ல நெழலு கெடக்கு.”

கையை நீட்டினார், ஏற்றிவிட.

அவள் பிடித்துக்கொண்டாள்.

ஏறவில்லை.

பக்கத்தில் அந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். மகள் இருந்தாள். கேட்டால் கேட்கட்டும்.

“என்னங்க.”

“சொல்லு.”

“எனக்குத் தண்ணி பிடிக்கும்.”

அவர் விளங்காமல் பார்த்தார்.

பிடித்த கையை விடாமல் அடுத்த படியில் காலை வைத்தாள். சேலை உப்பிக்கொண்டு மிதந்தது.

“நீந்தத்தான் தெரியாது. சொல்லித் தாரியளா?”