பதினோரு நாள் திறந்திருந்த இணைப்பு

அந்த அலுவலகத்தில் எல்லாருடைய இணையமும் ஒரே ப்ராக்ஸி சர்வர் வழியாகத்தான் வெளியே போகிறது. ஒவ்வொரு இணைப்பும் அதற்குத் திறந்த ஒரு ஃபைல். ஆயிரத்து இருபத்து நான்குக்கு மேல் திறக்க மாட்டேன் என்று காலையிலிருந்து அது அடம்பிடித்தது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ரெஜினா, வரம்பை அறுபத்தையாயிரமாக உயர்த்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது மாடியிலிருந்து குமுதா போன் செய்தாள்.

“இன்னும் எதுவுமே வர மாட்டேங்குதே, ரெஜினா?”

“மாத்திட்டேன்க்கா. ரீஸ்டார்ட் பண்ணணும்.”

“பண்ண வேண்டியதுதானே?”

ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் பழைய வரம்பைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நிறுத்தி எழுப்பினால் புதியது வரும். ஆனால் இருக்கிற இணைப்பெல்லாம் அறுந்துவிடும். திரையில் அவற்றை, திறந்து எவ்வளவு நேரமாகிறது என்ற வயதுப்படி அடுக்கி வைத்திருந்தாள். முதல் வரி, பக்கத்து மேசை வீரமணியின் கணினி. வயது, பதினோரு நாள். டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனவர், படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அங்கேயே இறந்துபோனார். அவர் திறந்து வைத்த கிரிக்கெட் ஸ்கோர் பக்கம், அன்றே முடிந்துபோன ஆட்டத்தின் ஸ்கோரை இன்னும் தானாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது. கணினியை யாரும் அணைக்கவில்லை. அந்த அறையில் வேலை பார்த்தது அவர்கள் இரண்டு பேர்தான்.

“ரெஜினா, லைன்ல இருக்கியா?”

“இருக்கேன்க்கா.”

திரையைப் பார்க்காமல் என்டரைத் தட்டினாள். நிமிர்ந்தபோது பட்டியல் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. மேல் மாடியில் யாரும் இன்னும் இணையத்தைத் திறக்கத் தொடங்கவில்லை. பிறகு ஒரே ஒரு வரி வந்து நின்றது.

வீரமணியின் கணினி. வயது, ஒரு நொடி.