எசென்குலுக்கு வந்த நேயர்

என் தாடி மேல் ஆணை, இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

எங்கள் நாரின் நகர வானொலியில் எழுத்தாளர்களைப் பேட்டி காணும் எசென்குல், அவர்களின் புத்தகத்தை ஒருநாளும் படித்ததில்லை. அன்றைய நேரலைக்கு, ஓநாய்களைப் பற்றி எழுதிய சைராகுல் வந்திருந்தார்.

“தம்பி, நெசமாவே படிச்சியா?”

“என்னக்கா, கடைசிப் பக்கத்துல அழுதுட்டேன்!” என்றவன், மேசையிலிருந்த ரொட்டியைத் தொட்டு, எங்கள் ஊரில் யாரும் பொய்யாகச் செய்யத் துணியாத சத்தியத்தையே செய்துவிட்டான்.

உடனே தொலைபேசியில் ஒரு நேயர் வந்தார். குரல் அச்சு அசல் எசென்குலுடையது.

“புளுகாதடா. நீ புத்தகத்தப் பிரிக்கவே இல்ல.”

“யா... யாருங்க?”

“நீதான். வீட்டுல இருந்து பேசறேன். இப்பத்தான் பிரிச்சேன். நல்லாத்தான் எழுதியிருக்காங்க.”

குரல் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கியது. ஊரே கேட்டது. சைராகுல் தேநீரையே பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடல் எரிய, ரொட்டியிலிருந்து கையை எடுக்கவும் துணிவின்றி எசென்குல் உட்கார்ந்திருந்தான்.

அந்த நிலையத்துக்கு இன்றுவரை தொலைபேசி இணைப்பு கிடையாது.