ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

“நான் தூங்கப் போறேன். எழுந்திருக்கிற வரைக்கும் வீட்டுல ஒரு சத்தம் கேட்கக் கூடாது.”

சாப்பிட்ட கை காய்வதற்குள் இப்படி ஒரு கட்டளை. போட்டவன் மகன். தலையாட்டியவர்கள் அவனுடைய அம்மாவும் பெரியம்மாவும். கேட்டுக் கொதித்தவள் அவனுடைய புது மனைவி.

வாரா வாரம் அம்மா வீட்டுக்கு என்று கிளம்புகிறவன் அங்கே என்னதான் செய்கிறான் என்று பார்க்கத்தான் இந்த ஞாயிறு அவளும் ஒட்டிக்கொண்டு வந்தாள். பார்த்துவிட்டாள். மூக்கு முட்டச் சாப்பிட்டான். உள்ளே கட்டில் சும்மா கிடக்க, நடுக்கூடத்தில் பாயை விரித்தான். ஜன்னல் திரைகளை இழுத்துவிடச் சொன்னான். எதிர்வீட்டில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைக்கூடப் போய் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தான்.

எதிர்வீட்டு அக்கா காலையிலேயே அவள் காதில் போட்டிருந்தாள்.

“உன் புருஷன் வந்துட்டா நாங்க மூச்சுகூட மெதுவாத்தான் விடணும். உனக்குப் பொறுமை ஜாஸ்திதான்மா.”

பொறுமை ஒன்றும் ஜாஸ்தி இல்லை. பயம்தான் இருந்தது. நடக்கப் பழகுவதற்கு முன்பே அப்பா விட்டுவிட்டுப் போன பிள்ளை அவன். வளர்த்ததெல்லாம் இந்த இரண்டு பேர்தான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிற ராத்திரி வேலை. பெரியம்மாவுக்குப் பகலெல்லாம் தையல் கம்பெனி. இப்படி மாடாய் உழைத்து ஆளாக்கியவர்களையே விரட்டுகிறவன், நாளைக்குத் தன்னை எந்த லட்சணத்தில் வைத்துக்கொள்வான்? இன்றைக்கு முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

அந்த இரண்டு பேரையும் சொல்ல வேண்டும். வேலையை விட்டு நின்ற பிறகும் அவர்களுக்குக் கால் நிற்கவில்லை. காலையில் பெரியம்மாவின் கையிலிருந்து அவள் துடைப்பத்தைப் பிடுங்கினாள். பெரியம்மா போய்த் துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டாள். பாத்திரம் கழுவப் போனால், மாமியார் அவளைக் கூடத்துக்குத் துரத்திவிட்டு, அவள் கொண்டுவந்த மாற்றுப் புடவைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தாள். சரி, சும்மாவாவது இருப்போம் என்று உட்கார்ந்தால், பாவம் சும்மா இருக்கிறாளே என்று டீ வந்தது.

இப்போது பெரியம்மா அடுக்களையில் குழாயைத் திறந்தாள்.

“தண்ணி சத்தம்” என்றது கூடத்திலிருந்து குரல்.

குழாய் மூடியது. அம்மா தையல் மெஷினில் கால் வைத்தாள். மெஷின் சத்தம் என்றான். கால் இறங்கியது. துடைப்பத்தை எடுத்தால் துடைப்பம், டப்பாவைத் திறந்தால் டப்பா. காதா அது, பாம்புச் செவி. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வீட்டில் ஒரு டம்ளர் கழுவ உரிமை இல்லையா இவர்களுக்கு?

கொஞ்சம் கொஞ்சமாக வீடு அடங்கியது.

திரையைத் தாண்டி வந்த வெயில் தேன் நிறத்தில் தரையில் படிந்திருந்தது. மின்விசிறி மட்டும் தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்தது. தெரு எங்கோ தொலைதூரத்துக்கு நகர்ந்துவிட்டது போல் இருந்தது. அவளுக்கே உடம்பு லேசாகி மிதப்பது போலிருந்தது. அவள் கோபத்துக்குக்கூடக் கண் சொக்கிற்று.

செய்ய எதுவும் இல்லாமல் இரண்டு பெண்களும் சுவரோரம் வந்து உட்கார்ந்தார்கள். அம்மா தன் கைகளை மடியில் போட்டுக்கொண்டு, அவை யாருடையவையோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகளுக்குத் தாங்கவில்லை. எதிர்ச்சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தவன் தோளை, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று குனிந்து தொட்டாள்.

அவன் கண்கள் அகலத் திறந்திருந்தன. தூக்கத்தின் வாடையே இல்லை.

“நீங்க தூங்கலையா?”

“மெதுவா” என்றான், உதடு மட்டும் அசைய. “பகல்ல எனக்கு என்னைக்குத் தூக்கம் வந்திருக்கு? சின்ன வயசுலயும் வராது. ராத்திரியெல்லாம் துவைச்சிட்டு அம்மா கண்ணு சிவந்து வருவாங்க. நான் முழிச்சிருந்தா படுக்க மாட்டாங்க. லீவு நாள்ல பெரியம்மாவும் அப்படித்தான். இன்னும் அந்தப் பழக்கம் ரெண்டு பேருக்கும் போகல.”

“படுங்கன்னு சொன்னா ஆகாதா?”

“கெஞ்சிப் பார்த்தேன். சண்டைகூடப் போட்டேன். சரி சரின்னுட்டு எனக்குச் சட்டை துவைக்கப் போயிடுவாங்க. நான் தூங்கினாத்தான் வேலையை நிறுத்துவாங்க.”

அவள் சுவரோரம் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னும் படுக்கலையே” என்று அவளும் கிசுகிசுத்தாள்.

“நீ முழிச்சிருக்கியே.”

அவள் அவசரமாகப் பாயின் ஓரத்தில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். காலையிலிருந்து மனசுக்குள் இவனைத் திட்டித் தீர்த்ததற்கு வெட்கமாக இருந்தது. இவனுக்கு வாழ்க்கைப்பட்டது நினைக்க நினைக்க இனித்தது. அசையாமல் கிடந்தாள்.

வெகுநேரம் கழித்துப் பெரியம்மாவின் குரல், காற்றோடு காற்றாகக் கேட்டது.

“பிள்ளைங்க தூங்கிட்டாங்களாடி?”

“ரெண்டும் தூங்கிடுச்சுக்கா. வா, நாமளும் கொஞ்சம் தலையைச் சாய்ப்போம்.”