கம்பெனி வாசனை

என் வீட்டுக்காரர் இறந்த பன்னிரண்டாம் நாள், கம்பெனியிலிருந்து ஜெயசீலன் என்று ஒருவர் வந்தார். அடையாள அட்டையையும் மிச்சமிருக்கும் கிருமிக் களிம்பையும் திருப்பித் தர வேண்டுமாம்.

வேலைக்குச் சேருகிற அன்றே அக்குளில் இருக்கிற சொந்தக் கிருமிகளைத் துடைத்தெடுத்துவிட்டு, கம்பெனிக் கிருமிகளைப் பூசிவிடுவார்கள். அதன் பிறகு எவ்வளவு வேர்த்தாலும் காய்ந்த எலுமிச்சைத் தோல் மாதிரி ஒரு வாசனைதான் வரும். கல்யாணமான நாளிலிருந்து நான் அறிந்த அவர் வாசனை அது.

அவர் கடைசியாகப் போட்ட சட்டையைத் துவைக்காமல் தலையணை மேல் விரித்துப் படுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு இல்லாமல் கிருமிகள் பிழைக்காது போல. நேற்றோடு சட்டையில் ஒன்றுமில்லை.

அட்டையையும் களிம்பு டப்பாவையும் கொண்டுவந்து நீட்டினேன். வாங்கிக்கொள்ள ஜெயசீலன் கையை நீட்டியபோது எலுமிச்சைத் தோல் வாசனை வந்தது.

"உங்களுக்கும் இதேதானா?"

"எங்க ஆளுங்க ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஒண்ணுதாங்க."

நான் தலையாட்டினேன். அழுகை வரவில்லை. கையெழுத்து கேட்ட இடத்தில் போட்டுக் கொடுத்தேன்.

அவர் எழுந்தார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது மறந்துபோய், "அப்ப வரேங்க" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சிடுங்க, வாய்தவறி வந்திடுச்சு."

"வாங்க" என்றேன். "வேலை முடிஞ்சதும் நேரா இங்க வாங்க."