சிவப்பு அட்டைப் புத்தகம்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் புத்தகம் படிக்கக்கூட உடம்பு வணங்குவதில்லை, அதற்கும் ஃபோன் வேண்டியிருக்கிறது என்று முணுமுணுத்தார் லாரி மெக்கானிக்.

"அம்மாவுக்குக் கண்ணு மங்கிடுச்சேப்பா. இனிமே இதுவே படிக்கும்," என்றாள் மகள்.

அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் மனைவியின் சிவப்பு அட்டைப் புத்தகம் மனப்பாடம். அவர் ஸ்பேனரால் அவள் பல்லை உடைத்த வாரம் அவள் வாசித்துக் காட்டிய கதை. பெண்டாட்டியை அடித்து நொறுக்குகிறவன் தூங்கும்போது, அவள் சுத்தியலால் அவன் மண்டையைப் பிளக்கிறாள், சுவரெல்லாம் ரத்தம். அவர் கை ஓங்கும்போதெல்லாம் அவள் அதை எடுத்து வாசிப்பாள். கை இறங்கிவிடும்.

"மண்டைய பொளக்குற இடத்தைப் படிக்கச் சொல்லு."

மகள் அந்தப் புத்தகத்தை விரித்து ஃபோனைப் பக்கத்தின் மேல் பிடித்தாள். "பாடம் ஏழு," என்றது ஃபோன். "சட்டைக்குக் காலர் தைக்கும் முறை."

அடுத்த பக்கம் பாக்கெட். அதற்கடுத்தது பட்டன்.

"அம்மா, இது தையல் புக்கும்மா."

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஃபோனுக்கு என்னடி தெரியும்?"

மெக்கானிக் அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"அதானே. பொய் சொல்ற எந்திரம்," என்று எழுந்தவர், சுத்தியலைப் பூட்டி வைத்த பெட்டி பூட்டியபடியே இருக்கிறதா என்று பார்க்கப் பட்டறைக்கு நடந்தார்.