எட்டாம் பக்கத்துப் பெயர்

“அந்தப் பேரு இருக்கவே கூடாதுங்க தம்பி” என்றாள் ராசாமணி, கம்ப்யூட்டர் கடைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு.

கடைக்காரன் சதீஷ்குமார் அவள் கொடுத்த சீடியைப் போட்டுப் பார்த்தான். கருந்தினையைப் பற்றிப் படமும் எழுத்துமாகச் சில பக்கங்கள். எட்டாம் பக்கத்தில் ‘இந்த விதையைக் காப்பாற்றியவர்’ என்று ஒரு பெயர்.

“இது பிடிஎஃப்புங்க்கா. அச்சடிச்ச தாள் மாதிரி, பாக்கலாம், கை வைக்க முடியாது. திரும்ப ஸ்லைடா மாத்துனாத்தான் திருத்தலாம்.”

செய்து கொடுத்த தொண்டு நிறுவனத்துப் பெண் வேலையை விட்டுப் போய்விட்டாள், இந்த சீடிதான் மிச்சம் என்று ராசாமணி சொன்னாள். நாளைக்கு நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் இதைத் திரையில் காட்டுவார்கள். காட்டின பெயர் அரசாங்கப் பதிவில் ஏறும். ஏறிவிட்டால் யார் சொன்னாலும் இறங்காது.

சதீஷ்குமார் மாற்றிப் பார்த்தான். படங்கள் ஒழுங்காக வந்தன. தமிழ்தான் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாகக் கழன்று கிடந்தது. முனகிக்கொண்டே அத்தனையையும் திரும்ப அடித்தான். முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவள் ராசாமணி. வரிவரியாக விரல் வைத்து, கூட்டிக் கூட்டிப் படித்துவந்தாள். எட்டாம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது.

“இதையா எடுக்கணும்? இது உங்க பேருங்க்கா.”

“எடுத்துட்டுப் பாவாயின்னு அடிங்க.”

பாவாயி மலைமேல் வளப்பூர் நாட்டில் அவளுக்குப் பக்கத்துக் காட்டுக்காரி. இரண்டு வீட்டாரும் ஒருவர் காட்டுக்கு ஒருவர் அறுப்புக்குப் போவது தலைமுறை வழக்கம். மரவள்ளி வந்தபின் மற்றக் காடுகளில் கருந்தினை அற்றுப்போக, பாவாயியிடம் மட்டும் இருந்தது. விதை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத மலை அது. அவளோ ஆள் நடமாடாத சரிவில் விதைத்துக்கொண்டு, கேட்டவர்களிடமெல்லாம் தீர்ந்துபோச்சு என்பாள். பிசினாறி என்று ஊரே சிரித்தது.

போட்டோ எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி அவளைக் கடை இருந்த செம்மேட்டுக்குக் கூட்டிவந்திருந்தாள் ராசாமணி. டீ குடித்துவிட்டு உள்ளே வந்தவளுக்கு சதீஷ்குமார் எட்டாம் பக்கத்தை வாசித்துக் காட்டினான்.

ராசாமணி தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“அந்தச் சரிவுல அறுக்க ஆள் கெடைக்காம என்னையக் கூப்பிட்ட வருசம், நாலு கதிரை மடியில கட்டிட்டு வந்துட்டேனுங்க்கா. அதைப் பெருக்கித்தான் எம் பேரச் சொல்லிக்கிட்டேன். அப்பறம் சோறு எறங்கல.”

சந்தி சிரிக்கத் திட்டப்போகிறாள் என்று நினைத்தாள். பாவாயியின் கண் திரையை விட்டு நகரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“பழைய பேரையே போடச் சொல்லு கண்ணு.”

“ஏனுங்க்கா?”

“உங்க மாமியா காட்டுக்கு அறுக்கப் போனப்ப, நானும் இதே கதிரை மடியிலதான் கட்டிட்டு வந்தேன்.”