பொறு கண்ணு

கடையில் வரிசை நகர நகர டாரில் ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஐந்தாவது ஆளாக, மாவு மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளைவ் மாமா நின்றிருந்தார். கையில் போன்.

பணம் கட்டினால் அந்தப் போன் பேசும். ஊர்ப் பேச்சில், ஒரு பெண்ணின் குரலில், 'போயிடுச்சு கண்ணு, பத்திரம்' என்று சொல்லும். சிக்னல் செத்துக் கிடந்தாலும் 'பொறு கண்ணு' என்றாவது சொல்லாமல் விடாது. எழுத்து தெரியாதவர்களும், மாமாவைப் போல் கண்ணில் புரை விழுந்தவர்களும் நம்பியது அந்தக் குரலைத்தான். பேங்க் எட்டிப் பார்க்காத நாற்பத்திரண்டு ஊர்களுக்கு அதைக் கொண்டுபோனவன் டாரில்.

குரல் கொடுத்தவள் டார்வின் ஆஸ்பத்திரியில் இன்று விடியற்காலை இறந்துபோனாள்.

அவர்களுடைய பூர்வகுடி வழக்கப்படி செத்தவர் பெயரைச் சொல்லக் கூடாது. குரலைக் கேட்கவே கூடாது. அதிலும் மாமா கேட்டால் என்ன ஆவாரோ. செய்தியைச் சொல்லவும் அவனுக்கு உரிமையில்லை. சொல்ல வேண்டிய பெரியவர்கள் மதிய விமானத்தில் வருகிறார்கள். அதுவரை வாய் திறக்க முடியாது.

குளிர்பெட்டியின் மேல் லேப்டாப்பை வைத்து, எல்லாப் போன்களிலும் குரலை நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருந்தான். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் எறும்பாய் ஊர்ந்தது. இன்னும் பாதிகூட ஆகவில்லை.

"என்னடா மருமவனே, முட்டையிடப் போற கோழி மாதிரி முழிக்கிற?"

மாமாவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். முன்னால் நின்ற நால்வரும், நல்லவேளை, அட்டையைத் தேய்த்துவிட்டுப் போனார்கள்.

மாமா போனை நீட்டினார். டாரில் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கல்லாப்பெட்டி திறந்தது. போன் பேசவில்லை.

போன உயிர் திரும்பி வந்தது அவனுக்கு.

மாமா போனைக் காதில் வைத்தார். குலுக்கினார். மறுபடி வைத்தார். 'பொறு' என்றுகூட அது சொல்லவில்லை. மாவு மூட்டையை மெல்லத் தரையில் இறக்கினார். பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தங்கள் போன்களை எடுத்து அழுத்திப் பார்த்தார்கள்.

நாற்பத்திரண்டு ஊர்களிலும் குரல் நிறுத்தப்பட்டது என்று திரை காட்டியது. அங்கெல்லாம் இந்நேரம் யாராவது போனைக் குலுக்கிக்கொண்டிருப்பார்கள். வாய் திறக்காமலே எல்லோருக்கும் சொல்லிவிட்டான்.

"எப்போடா போனா, உங்கம்மா?" என்றார் மாமா.